தென்னேரி ஏலத்தில் ஒரே எஞ்சினை இரண்டு முறை வாங்கினேன்

அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஒருவரும் "நான் அங்க இல்லவே இல்ல" என்று சொல்லக் கூடாது. உத்திரமேரூரிலிருந்து புறப்பட்டவர்கள் ஐந்து பேர். நான், ஞானசௌந்தரி. என் மருமகள் ஸ்டெல்லா. என் வீட்டுக்காரரின் தம்பி தேவசகாயம். அவன் தங்கை, அதாவது என் நாத்தனார், லில்லி. பஜார் தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் மும்தாஜ். தென்னேரியில் இருந்தவர்கள்: அந்த பங்களாவின் சொந்தக்காரி வசந்தா மேடம், ஏலம் விட்ட நாராயணன், வேலூரிலிருந்து வந்த பல் டாக்டர் குமரேசன். இன்னும் முப்பது பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. முகம் ஞாபகம் இருக்கிறது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் முப்பத்தோரு வருஷம் இட்லி, தோசை விற்று நாஷ்டா கடை நடத்தினேன். இந்த வலைப்பூவை நான் சொல்லச் சொல்ல ஸ்டெல்லாதான் அவளுடைய பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து டைப் அடிக்கிறாள். பேச்சைத் திருத்தி எழுதுவாள், விஷயத்தைத் திருத்த விடமாட்டேன்.

பொம்மை ரயில் சேர்க்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. நானும் உங்களில் ஒருத்திதான். என்னிடம் இருபத்தேழு ரயில் இருக்கிறது. சாவி கொடுத்தால் ஓடுகிற பழைய தகர ரயில் ஒன்பது, கையால் தள்ளுகிற மர ரயில் நாலு, மீதி பேட்டரி போடுகிற பிளாஸ்டிக் ரயில். பிளாஸ்டிக் எல்லாம் மும்தாஜ் கடையில் வாங்கியது. புது மாடல் வந்தால் கடையில் தொங்கவிடுவதற்கு முன்னால் எனக்குச் சொல்லி அனுப்புவாள். எங்கள் ஊருக்கு நிஜ ரயில் கிடையாது. அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இதில் முதலில் வாங்கியது மூன்று பெட்டிகள். எஞ்சின் இல்லாமல், வெறும் பெட்டிகள். 1969இல் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம் நடந்தது. ஊரைவிட்டுப் போன ஒரு டீச்சரம்மா கொடுத்துவிட்டுப் போன சாமான்களில் அந்த மூன்று பெட்டியும் இருந்தன. அரக்குச் சிவப்பு, ஜன்னலுக்குக் கீழே மஞ்சள் கோடு, சக்கரத்துக்கு மேலே ஒரு வட்ட முத்திரை. நான் அப்போது நாற்று நடுகிற கூலி. மூன்றரை ரூபாய்க்குக் கேட்டேன், எனக்கே விழுந்தது. இரண்டு நாள் கூலி. நேராக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. அறுப்பின் பண்டிகை ஏலம் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். விளைந்ததில் ஒரு பங்கை, பூசணிக்காயோ சேவலோ ஒரு மரக்கால் நெல்லோ, கோயிலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். அதை ஏலம் விட்டுக் கோயில் காரியத்துக்குப் பணம் சேர்ப்பார்கள். ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, அந்தப் பொருளைத் தூக்கி, "மறு ஏலம்!" என்று திரும்பக் கொடுப்பார். அதுதான் பெரியமனுஷத்தனம். அடுத்த சுற்றில் அவரே ஐம்பதோ நூறோ கேட்பார். திரும்பக் கொடுத்தவருக்கு மேலே ஒருவரும் கேட்க மாட்டார்கள். எங்கும் எழுதி வைக்காத சட்டம் அது. பொருளும் வீட்டுக்கு வரும், பேரும் நிற்கும். நான் திரும்பக் கொடுக்கவில்லை. இரண்டாவது தடவை ஐம்பது காசு கேட்கக்கூட என்னிடம் காசில்லை. அன்றிலிருந்து எனக்குக் கஞ்சம் பிடித்தவள் என்று பெயர். முதலில் சொன்னவர் யார் என்பது எனக்குத் தெரியும். அவர் இறந்துவிட்டார், போகட்டும்.

அந்தப் பெட்டிகளுக்கு ஏற்ற எஞ்சினை முப்பத்தொன்பது வருஷம் தேடினேன். சென்னையில் மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் இரண்டு தடவை போயிருக்கிறேன். கிடைக்கவில்லை. 2008 ஆனி மாசக் கடைசியில் ஸ்டெல்லா கடையிலிருந்து ஓடிவந்தாள். "அத்தை, ஒரு நிமிஷம் வாங்க" என்று கூட்டிப் போய்க் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினாள். அரக்குச் சிவப்பு. மஞ்சள் கோடு. சக்கரத்துக்கு மேலே அதே வட்ட முத்திரை. தென்னேரியில் ஒரு ரிட்டயர்டு என்ஜினீயர் காலமாகிவிட்டார், அவர் சேர்த்த ரயில்களை வீட்டிலேயே ஏலம் விடுகிறார்கள், ஆடி இரண்டாம் சனிக்கிழமை காலை பத்தரை மணி என்று போட்டிருந்தது. சென்னையிலும் பம்பாயிலும் தேடினால் கிடைக்காதா என்று நான் ஏங்கிக்கொண்டிருக்க, அது ஐம்பது கிலோமீட்டரில் இருந்திருக்கிறது.

காலை 6.40க்கு உத்திரமேரூரில் காஞ்சிபுரம் பஸ் ஏறினோம். இருபத்தெட்டு கிலோமீட்டர், ஆளுக்கு ஒன்பது ரூபாய். என் மடியில் கூடை, கூடைக்குள் துண்டு, துண்டுக்குள் மூன்று பெட்டிகளில் ஒன்று. கொக்கி பொருந்துகிறதா என்று பார்த்தே தீர வேண்டும். ஜன்னலோரம் லில்லி உட்கார்ந்துகொண்டாள். எனக்குத்தான் ஜன்னலோரம் என்று முந்தின நாளே பேசியிருந்தது.

திருப்புலிவனம் தாண்டும்போது தேவசகாயம் தொண்டையைச் செருமிக்கொண்டான். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம் விடுகிறவன் அவன். குரல் மூன்று தெரு தாண்டிக் கேட்கும்.

"அண்ணி, ஏலத்துல ஆசையைக் காட்டக் கூடாது. மூஞ்சியை மரக்கட்டை மாதிரி வெச்சிக்கினு ஒக்காரணும். எல்லாம் நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கறது இருக்கட்டும் தேவா. வாயைத் தொறக்காம இரு, அது போதும்" என்றேன்.

"அவரு வாயைத் தொறக்காம இருந்தா பஸ்ஸு நின்னுடும்கா" என்றாள் மும்தாஜ்.

7.45க்குக் காஞ்சிபுரம். பஸ் ஸ்டாண்டு எதிரில் பொங்கல் வடை, ஆளுக்குப் பதினெட்டு ரூபாய். பொங்கலில் ஒரே ஒரு முந்திரி, அதுவும் பாதி. கடைப் பேரை இங்கே போட ஸ்டெல்லா விடமாட்டேன் என்கிறாள். நேரில் கேட்பவர்களுக்குச் சொல்வேன். 8.10க்குச் செங்கல்பட்டு பஸ். வாலாஜாபாத்துக்குப் பதினாலு கிலோமீட்டர், ஐந்து ரூபாய். 8.40க்கு இறங்கினோம்.

வாலாஜாபாத்தில் ஷேர் ஆட்டோ நிற்கும். டிரைவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும், வாயில் பாக்கு.

"தென்னேரிக்கு இன்னாப்பா கேக்கற?"

"அஞ்சு பேரு. நூத்தம்பது குடு ஆயா."

"யாருக்குடா ஆயா? ஒங்கம்மாவுக்கு நான் ஆயாவா?"

மும்தாஜ் என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் போனாள். "எட்டு கிலோமீட்டருக்கு நூத்தம்பதா? ஆட்டோவை எங்க பேருக்கு எழுதிக் குடுத்துட்டுப் போவப் போறியா?"

"பெட்ரோல் வெல இன்னான்னு தெரியுமாக்கா?"

"எனக்கு இன்னாத்துக்கு பெட்ரோல் வெல? நான் அடுப்புக்கு மண்ணெண்ணெ ஊத்தறவ. நூறுன்னா ஏறுவோம். இல்லன்னா நடப்போம். நடந்தா இந்தம்மா வழி முச்சூடும் ஒன்னைத் திட்டிக்கினே வரும், ஒனக்குத்தான் ஆவாது."

"பேஜாரா கீதே... ஏறுங்க" என்றான். நூறு ரூபாய். இப்போது போகிறவர்கள் இதற்கு மேல் கொடுக்காதீர்கள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி போயிற்று. ஐம்பத்திரண்டு வாகன் எண்ணினேன். தேவசகாயம் ஐம்பத்தொன்று என்றான். ஐம்பத்திரண்டுதான்.

தென்னேரி ஏரிக்கரை ரோட்டில் பங்களா. 9.25க்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் ஒரு மேஜை போட்டு நம்பர் அட்டை கொடுத்தார்கள். அட்டைக்கு நூறு ரூபாய் கட்ட வேண்டும், போகும்போது அட்டையைக் கொடுத்தால் நூறும் திரும்ப வந்துவிடும். அட்டை வாங்கியவர்களுக்குத்தான் நாற்காலியும் டீயும். அதனால் ஐந்து பேருமே வாங்கினோம். எஞ்சினுக்கென்று நான் கொண்டுபோனது ஆறாயிரம். அதில் நூறை எடுத்துக் கொடுத்தேன். பஸ் காசு தனியாக ஸ்டெல்லாவிடம் இருந்தது.

அந்தக் கொட்டகையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நெல் மூட்டை அடுக்குகிற பெரிய கொட்டகைதான். அதற்குள் இடுப்பு உயரத்துக்கு மேஜை கட்டி, அறுபது அடி தண்டவாளம் போட்டிருந்தார் அந்த மனுஷன். குகை, பாலம், சிக்னல் எல்லாம் உண்டு. ஏரி மதகு ஒன்று களிமண்ணில் செய்து வைத்திருந்தார், தென்னேரி மதகேதான். ஸ்டேஷனில் அரிசி அளவு மனிதர்கள் நின்றார்கள். ஒரு பொம்பளை தலையில் கூடையோடு நின்றாள். அவளைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். சுவரோரம் பலகையில் நூற்றிப் பத்து ரயில்கள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் ஒட்டியிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான் தேடிவந்த எஞ்சின் நாற்பத்தொன்றாம் நம்பர். பக்கத்தில் போனால் ஒருவர் ஏற்கெனவே அதைக் கையில் வைத்து, கண்ணில் ஒரு சின்னக் கண்ணாடியைச் சொருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் பல் டாக்டர் குமரேசன்.

"டாக்டரே, அது பல்லு பாக்கற கண்ணாடியா?"

"அதேதாம்மா" என்று சிரித்தார். "பெயின்ட் ஒரிஜினல். எங்கியும் மறுபூச்சு இல்லை. பெட்டிதான் இல்லை. வந்த அட்டைப்பெட்டி இருந்திருந்தா இதுக்கு ரெண்டு மடங்கு விலை."

"அட்டைப்பெட்டிக்கா? எங்க ஊர்ல அதை அடுப்புல வெப்போம்."

"வெச்சிருந்தீங்கன்னா என்கிட்ட சொல்லாதீங்க. நெஞ்சு வலிக்கும்."

நல்ல மனுஷன்தான். ஆனால் எஞ்சினைக் கீழே வைக்க மனசு வரவில்லை அவருக்கு. அவர் டீ குடிக்கப் போனதும் நான் எடுத்துப் பார்த்தேன். சக்கரத்துக்குச் சக்கரம் உள்ளகலம் ஒன்றேகால் அங்குலம். பழைய சாவி ரயிலுக்கு அதுதான் அளவு. புது மின்சார ரயில்கள் அதில் பாதிதான் இருக்கும். சாவியை இரண்டு சுற்று கொடுத்துச் சக்கரத்தை விரலால் பிடித்தேன். ஸ்பிரிங் திமிறியது, உயிர் இருக்கிறது. கூடையிலிருந்து என் பெட்டியை எடுத்துக் கொக்கியை மாட்டினேன். டக்கென்று விழுந்தது.

"மும்தாஜ், மாட்டிக்கிச்சுடி" என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"மூஞ்சியைக் கழுவிக்கினு வாக்கா. பாக்கறவன் வெலையை ஏத்திடுவான்" என்றாள் அவள்.

பத்தரைக்கு வசந்தா மேடம் எழுந்து நின்றார்கள். பெங்களூரில் வேலை. "அப்பாவோட ஆசைப்படி இன்னைக்கு வர்ற பணம் முழுக்க இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல பெண்பிள்ளைங்களுக்குக் கழிவறை கட்டப் போகுது" என்றார்கள். எல்லாரும் கைதட்டினோம். தேவசகாயம் மட்டும் கைதட்டவில்லை. ஏதோ யோசனையில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

நாராயணன் சென்னையில் ஏலம் விடுகிறவர். ஒல்லியான ஆள், மரச்சுத்தியல், பக்கத்தில் மைக். வேகமாக விட்டார். பிரிக்காத பெட்டியோடு ஒரு ஜெர்மன் மின்சார ரயில் பதினெட்டாயிரத்துக்குப் போனது. எடுத்தவர் அதைக் கடைசிவரை பிரிக்கவே மாட்டாராம், பிரித்தால் விலை இறங்கிவிடுமாம். ஓட்டாத ரயில் எதற்கு? எனக்குப் புரியவில்லை. உங்களில் யாருக்காவது புரிந்தால் கீழே எழுதுங்கள்.

11.50க்கு என் நம்பர் வந்தது.

"நாப்பத்தொண்ணு. சாவி எஞ்சின். ஆயிரத்து ஐநூறு!"

நான் அட்டையைத் தூக்கினேன். டாக்டர் தூக்கினார். இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐநூறு, மூவாயிரம். பின்னால் ஒருவர் மூவாயிரத்து ஐநூறோடு நின்றார். பிறகு நானும் டாக்டரும்தான். நாலாயிரத்து ஐநூறு. ஐயாயிரம். அட்டையை நான் இறக்கவே இல்லை. ஸ்டெல்லா என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். ஐயாயிரத்து ஐநூறு என்றார் டாக்டர். நான் ஐயாயிரத்து எழுநூறு என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், அட்டையை மடியில் வைத்தார்.

"ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்!"

சுத்தியல் விழுந்தது. விழுந்ததும் பணம் கட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவந்துவிட்டேன், அதனால் லில்லியிடம் பர்ஸைக் கொடுத்து எண்ணச் சொன்னேன். எண்ணித் தந்தாள், போய்க் கட்டினேன். எஞ்சினை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். முப்பத்தொன்பது வருஷம். அந்தக் கனத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பெரிய பலாக்கொட்டை மாதிரி உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் தேவசகாயம் எழுந்தான்.

"ஸ்தோத்திரம்! ஐயா, எங்க அண்ணி அந்த எஞ்சினைத் திரும்பக் குடுத்துட்டாங்க. மறு ஏலம் உடுங்க!"

நாராயணன் மைக்கில், "என்ன சார்?" என்றார்.

"காசும் கட்டியாச்சு, பொருளும் தர்மத்துக்கு. எங்க சபையில இதான் வழக்கம். பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்களுக்கு இன்னொரு தரம் பணம் வரட்டும்!"

வசந்தா மேடம் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். கண் கலங்கிவிட்டது. "அம்மா... நிஜமாவா?" என்றார்கள். யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். டாக்டர் எழுந்து நின்று தட்டினார்.

என் பக்கம் குனிந்து தேவசகாயம் சொன்னான்: "பயப்படாதே அண்ணி. அம்பது ரூபா கேளு, ஒனக்கே வந்துடும். ஊர்ல ஒன்னைக் கஞ்சம்னு சொன்ன வாயெல்லாம் இன்னியோட மூடட்டும்."

"அடப்பாவி, இங்க இருக்கறவங்களுக்கு நம்ம வழக்கம் எப்பட்றா தெரியும்?"

அவன் முகம் அப்போதுதான் வெளுத்தது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே சபையில் ஏலம் விட்டவன். உலகம் முழுக்க அப்படித்தான் ஏலம் நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அறுபது கை தட்டும்போது, "இல்லை, நான் கொடுக்கவில்லை" என்று எப்படிச் சொல்வது? சொன்னால் முப்பத்தொன்பது வருஷக் கஞ்சப் பேர் தென்னேரிவரை வந்துவிடும். கொண்டுபோய் வைத்தேன். கை வரவில்லை, ஆனாலும் வைத்தேன்.

"ஆயிரத்துல ஆரம்பிக்கிறேன்" என்றார் நாராயணன். என்னிடம் இருந்தது இருநூறு. ஆயிரம் என்றார் டாக்டர். பின்னாலிருந்தவர் இரண்டாயிரம் என்றார். மூன்று நிமிஷத்தில் நாலாயிரத்துக்கு டாக்டருக்கு விழுந்தது. ஐயாயிரத்து எழுநூறும் போனது, எஞ்சினும் போனது. மும்தாஜ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழவில்லை. தேவசகாயம்தான் அழுதான்.

டாக்டர் எஞ்சினை வாங்கித் துணியில் சுற்றப் போனார். மும்தாஜ் எழுந்தாள். ஃபேன்சி ஸ்டோரில் பேரம் பேசுகிற அதே குரல்.

"டாக்டரு ஐயா! நூல் சேலை கட்டின நாஷ்டா கடைக்காரம்மா திரும்பக் குடுத்துச்சு. கார்ல வந்த நீங்க மடியில கட்டிக்கினு போவப் போறீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் அப்படியே நின்றார். துணியைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கும் அது லேசான காரியம் இல்லை. எனக்கு அது தெரியும்.

"அதுவும் சரிதான்" என்றார். "நானும் திரும்பக் குடுத்துட்டேன்!"

கொட்டகை அதிர்ந்தது. வசந்தா மேடம் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தேவசகாயம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக நாராயணனிடம் போனான். "ஐயா, ஒரு நிமிஷம் அந்த மைக்கைக் குடுங்க." அவரும் கொடுத்துவிட்டார். என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று அவருக்கே ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது.

"பெரியோர்களே, வழக்கத்தை நான் பாதிதான் சொன்னேன். மீதியையும் சொல்றேன். மொதல்ல திரும்பக் குடுத்தவங்க மறுபடியும் கேட்டா, அவங்களுக்கு மேல யாரும் கேக்கறதில்ல. அதான் மரியாதை. இப்ப அம்பது ரூபாயில ஆரம்பிக்கறேன்!"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஐம்பது என்றிருக்கலாம். வாய் வரவில்லை. அத்தனை பேர் கைதட்டின பிறகு ஐம்பது ரூபாய் கேட்கிறவள் நான் இல்லை. இருந்ததை எல்லாம் கேட்டேன்.

"இருநூறு!"

"இருநூறு ஒரு தரம்" என்றான் தேவசகாயம். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "இருநூறு ரெண்டு தரம்..."

"இருநூத்தம்பது."

எனக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது அந்தக் குரல். லில்லி. அட்டையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

தேவசகாயம் மைக்கிலேயே, "ஏய், இன்னாடி பண்ற?" என்று கத்தினான்.

"இன்னா பண்றாங்க? ஏலம்தானே. இருநூறு ரூபாய்க்கு ரயிலுன்னா யாருதான் கேக்க மாட்டாங்க?"

"நம்ம வழக்கம் ஒனக்குத் தெரியாதா?"

"அது கோயில்ல. இது கோயிலா?"

நாராயணன் தலையைச் சொறிந்தார். "சார், கேட்டது கேட்டதுதான். அம்மா மேல கேக்கலைன்னா அவங்களுக்குத்தான் போகும்" என்றார். மும்தாஜ் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை இழுத்தாள். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். அடுத்தவர் காசில் வாங்கினால் அது என் எஞ்சின் ஆகாது. அப்போதுதான் கையிலிருந்த அட்டை கண்ணில் பட்டது.

"நாராயணன் சாரே, இந்த அட்டைக்கு நான் கட்டின நூறு ஒங்ககிட்டதானே கீது?"

"ஆமாம்மா."

"அதையும் சேத்துக்கோ. முந்நூறு!"

டாக்டர்தான் முதலில் எழுந்தார். பிறகு எல்லாரும் எழுந்துவிட்டார்கள். லில்லி அட்டையை இறக்குகிறவரைக்கும் அத்தனை பேரும் நின்றுகொண்டே அவளைப் பார்த்தார்கள். இறக்கினாள். தேவசகாயம் மூணு தரம் என்று சொன்னது ஏரிக்கு அந்தக் கரையில் கேட்டிருக்கும். சுத்தியலைத் தேடிக் கிடைக்காமல் உள்ளங்கையால் மேஜையில் அடித்தான்.

வசந்தா மேடம் என்னைப் பெரிய தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கூட்டிப் போனார்கள். "அப்பா கடைசியா இதுலதான் ஓட்டினார். நீங்க ஓட்டுங்கம்மா" என்றார்கள். என் சிவப்புப் பெட்டியைப் பின்னால் மாட்டினேன். சாவி பதினாலு சுற்று. விட்டேன். எஞ்சின் ஒரு நொடி யோசித்தது, பிறகு கிளம்பியது. குகைக்குள் போய் வெளியே வந்தது, பாலம் ஏறி இறங்கியது. மதகைத் தாண்டி, கூடைக்காரப் பொம்பளை நின்ற ஸ்டேஷனையும் தாண்டி, இரண்டரைச் சுற்று ஓடியது. டாக்டர் பின்னாலேயே நடந்து வந்தார், நாராயணனும் வந்தார். தேவசகாயம் கூ என்று ஊதிக்கொண்டே வந்தான். ஐம்பத்தெட்டு வயசு.

மதியம் 1.15க்குப் புறப்பட்டு, வந்த வழியிலேயே திரும்பினோம். ஆட்டோ, இரண்டு பஸ், அதே காசு. 4.30க்கு வீடு. இந்தத் தடவை ஜன்னலோரம் நான். ஒருவரும் கேட்கவில்லை, ஒதுங்கி இடம்விட்டார்கள்.

இப்படி ஏலத்துக்குப் போக நினைப்பவர்கள் கவனிக்க: காட்சிக்கு வைக்கிற நேரத்திலேயே போய்விடுங்கள், பத்தரைக்குப் போனால் தொட்டுப் பார்க்க முடியாது. ஒரு மரஸ்கேல் எடுத்துப் போங்கள். உங்களிடம் உள்ள பெட்டி ஒன்றையும் துண்டில் சுற்றி எடுத்துப் போங்கள், படத்தில் பார்த்து வாங்கினால் கொக்கி பொருந்தாமல் போகும். சாவி ரயிலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் போட்டு நான் ஒரு ரயிலைக் கொன்றிருக்கிறேன். தகரத்தைப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது, டாக்டருக்கு நெஞ்சு வலிக்கும். வந்த அட்டைப்பெட்டியை அடுப்பில் வைக்காதீர்கள். கண்ணாடியை மறக்காதீர்கள். உங்கள் ஊர் வழக்கத்தை உங்கள் ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இல்லை, கொண்டுபோவதானால் முழுசாகக் கொண்டுபோங்கள், பாதியாகக் கொண்டுபோகாதீர்கள்.

அந்த எஞ்சினுக்கு நான் கொடுத்தது மொத்தம் ஆறாயிரம். ஒரு பைசா மிச்சமில்லை. அன்றைக்கு அந்த ஒரு எஞ்சினில் பள்ளிக்கூடத்துக்குப் பத்தாயிரம் வந்தது என்று வசந்தா மேடம் பிறகு ஃபோனில் சொன்னார்கள். டாக்டர் பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினார். என் ரயில் இப்போது எஞ்சினும் மூன்று பெட்டியுமாக நிற்கிறது. எங்கள் தெருவில் வந்து பார்க்காத வீடு இல்லை. என்னைக் கஞ்சம் என்று சொல்ல உத்திரமேரூரில் இப்போது ஒரு வாய் கிடையாது.

தேவாவைப் பஸ்ஸிலேயே மன்னித்துவிட்டேன். என் பேருக்காகத்தான் செய்தான், கண்ணீரும் விட்டான். மறு ஏலத்தில் நாலாயிரத்துக்கு எடுத்த டாக்டரிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, என் மடியில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. பாதி முந்திரிக்காரனைக்கூட விட்டுவிட்டேன். இன்னொருத்தியையும் மன்னிக்கச் சொல்லிப் போதகர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். இரண்டு தடவையும் காபி கொடுத்து அனுப்பினேன். அந்தக் கொட்டகையில் முப்பத்தாறு பேருக்குத் தெரியாது, என் பர்ஸில் மிச்சம் இருநூறுதான் என்று. அதை எண்ணித் தந்தவளுக்குத் தெரியும். தெரிந்துதான் இருநூத்தம்பது கேட்டாள். லில்லி.